கேட்ட சரக்கா, ஏற்ற சரக்கா?



நம் சங்க இதழில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பருப்பு, வற்றல், சாக்கு எடை, லாரி வாடகை, ஜி.எஸ்.டி. பற்றித்தான். இந்த முறை வீட்டில் வளர்க்கும் சிலந்தியைப் பற்றி எழுதப் போகிறேன். "அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று?" என்று சிரிக்க வேண்டாம். இதுவும் வியாபாரப் பாடம்தான். கடைசிவரை படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் என்ற ஊரில் இருக்கிறது. 2023 கோடையில் நானும் என் வீட்டுக்காரியும் மூன்று மாதம் அங்கே போயிருந்தோம். வெயிலில் நம் விருதுநகரைத் தோற்கடித்துவிடும் ஊர். அந்த ஆண்டு பக்கத்துப் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. பிள்ளைகள் வெளியே போய் விளையாட முடியாது. பேரனுக்கு அப்போது 12 வயது நிறைகிற சமயம். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "டாரண்டுலா வேண்டும் தாத்தா" என்றான். ஏதோ பந்து விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி அது என்று!

கொடுத்த வாக்கை மாற்றக் கூடாதே என்று மாப்பிள்ளையும் நானும் பேரனைக் கூட்டிக்கொண்டு, வளர்ப்புப் பிராணிகள் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பையனின் கண் ஒன்றின் மேல் நிலைகுத்தி நின்றது. மயில் கழுத்து நீலம். கால்களில் மஞ்சள் புள்ளி. விலை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு. கடைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் நாட்டு ரகம்தான்" என்று பெருமையாகச் சொன்னார். யார் வளர்க்கப் போகிறார்கள், முன்பு வளர்த்த பழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில் போட்டார், பெட்டியைக் கொடுத்தார். வேலை முடிந்தது.

நான்காம் நாள், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் பேரன் மூடியைத் திறந்தான். அந்தப் பிராணி அவன் கைமேல் ஏறி, தோளைத் தாண்டி, திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டது. கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பையன் அலறினான். என் மகள் ஓடி வந்து வெறுங்கையால் திரையை இழுக்கப் போனாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு இரவு அந்த அறைக்கு யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் புத்தக அலமாரிக்குப் பின்னால் கண்டுபிடித்து, டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தோம். கடைக்குக் கொண்டுபோனால், "விற்ற உயிரினம் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். பில்லின் அடியில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. சட்டப்படி அவர்கள் மேல் குற்றமில்லை.

நான்கு கேள்வி கேட்ட வியாபாரி

அந்த வாரக் கடைசியில் பக்கத்து நகரில், பாம்பு, பல்லி, சிலந்தி வளர்ப்பவர்கள் கூடும் சந்தை ஒன்று நடந்தது. பையனின் முகவாட்டத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாப்பிள்ளை அழைத்துப் போனார். ஒரு மேசையில் என் வயதுக்காரர் ஒருவர் சிறு டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார். தாமே இனப்பெருக்கம் செய்து விற்பவர். நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு பையனிடம் நான்கு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கையில் எடுத்து விளையாட ஆசையா, பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? வீட்டில் சின்னக் குழந்தை, பூனை, நாய் உண்டா? உயிருள்ள பூச்சியை இரையாகப் போட உன்னால் முடியுமா? நீ கல்லூரிக்குப் போகும்போது இதை யார் பார்ப்பார்கள்?

நான்காவது கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் அப்படிக் கேட்கிறார் என்றால், இந்த வகையில் பெண் சிலந்தி இருபது ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. 12 வயதில் வாங்கினால் 32 வயது வரை கூட வரும்! முதல் கடையில் இதை யாரும் சொல்லவில்லை.

அவர் சொன்னதைச் சரக்கு தரம் பார்க்கும் முறையில் நான் எழுதி வைத்துக்கொண்டேன். வெளிநாட்டில் பிள்ளை குட்டிகளை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு உதவும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, பிறந்த நாடு. உலகில் டாரண்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை பெரும்பாலும் வேகமும் முன்கோபமும் உள்ளவை. கடித்தால் விஷமும் கடுமை. எங்களுக்கு விற்ற நீல ரகமும் அதன் உறவினங்களும் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். அமெரிக்கக் கண்டத்து இனங்களில் பலவற்றுக்கு விஷம் குறைவு, நடையும் நிதானம். ஆனால் அவற்றுக்கு வேறோர் ஆயுதம் உண்டு. பின்னங்காலால் வயிற்று ரோமத்தைத் தேய்த்து உதறும். நம்மூர்க் கம்பளிப்பூச்சி பட்டதுபோல் தோல் அரிக்கும். கண்ணில் பட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆகவே முகத்தைப் பெட்டிக்குள் நீட்டக் கூடாது.

இரண்டாவது, குடியிருப்பு. மரத்தில் வாழும் இனத்தைவிடத் தரையில் வாழும் இனமே முதல் முறை வளர்ப்பவருக்கு நல்லது. மூடியைத் திறந்தால் மேலே பாயாமல் மூலையில் ஒதுங்கும்.

மூன்றாவது, ஆணா பெண்ணா என்பது. ஆண், பருவம் வந்து கடைசிச் சட்டையை உரித்த பிறகு அனேகமாக ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டுதான். பெண்ணோ பல ஆண்டு வாழும். விவரம் அறியாதவர் தலையில் பருவம் வந்த ஆணைக் கட்டிவிட்டால், ஒரு வருடத்தில் பெட்டி காலி. பையன், தான் சரியாகப் பார்க்காததால்தான் செத்தது என்று அழுவான். அந்தப் பெரியவர் சிலந்தி உரித்த பழைய தோலையே எடுத்து வைத்திருந்தார். பூதக்கண்ணாடியில் உட்பகுதியைக் காட்டி, "இது பெண்" என்று நிரூபித்துக் கொடுத்தார். சரக்கோடு சான்றும் சேர்த்துத் தருவது என்றால் இதுதான்.

நான்காவது, காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா என்பது. கூண்டில் பிறந்ததையே வாங்க வேண்டும். காட்டில் பிடித்தது வயது தெரியாதது, நோய் இருந்தாலும் இருக்கும். காடும் காலியாகும்.

எந்த ரகம் சாது?

அவர் காட்டிய ரகங்கள் நான்கு. சிவப்பு முழங்கால் கொண்ட மெக்சிகோ நாட்டுச் சிலந்தி பார்க்க அழகு, உடம்பும் திடம். பெண் 25 ஆண்டுக்கு மேலும் வாழும். ஆனால் ரோமம் உதறுவதில் கொஞ்சம் தாராளம். அளவுக்கு மீறிப் பிடித்து விற்றதால் 1985-லேயே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. சிலி ரோஸ் என்பது ஒரு காலத்தில் காட்டில் பிடித்து ஏராளமாக இறக்குமதியாகி மலிவாக விற்ற ரகம். பெரும்பாலும் அமைதி, ஆனால் ஒன்று போல் ஒன்று இருக்காது. மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்து வாங்கியவரைப் பயமுறுத்தும். அரிசோனாவின் சொந்தச் சிலந்தி வைக்கோல் நிறம். அந்தப் பாலைவனத்தில்தான் வளை தோண்டி வாழ்கிறது. மிகவும் நிதானமான பிராணி, ஆனால் வளர்ச்சியும் ஆமை வேகம். பருவம் வரவே எட்டு, பத்து ஆண்டு ஆகும்.

நான்காவது, மத்திய அமெரிக்காவின் ஓண்டுராஸ், நிகரகுவா பக்கத்தைச் சேர்ந்த சுருள் ரோமச் சிலந்தி. பழுப்பு நிறம், பொன்னிற ரோமம் சுருண்டு சுருண்டு நிற்கும். முதல் பார்வைக்குப் பழைய சாக்குத் துண்டு மாதிரி இருந்தது. "வேலையைப் பார்த்தால் இதுதான் நம்பர் ஒன்" என்றார். ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். இரை போட்டால் எடுத்துக்கொள்ளும். எளிதில் சீறாது. விலையும் குறைவு.

பேரன் முகம் சுளித்தான். அந்த மேசையிலேயே நீல ரகம் ஒன்று இருந்தது. அதன் விலை பழுப்பு ரகத்தைவிட மிக அதிகம். மாப்பிள்ளை கையில் பணம் தயாராக இருந்தது. பெரியவர் அந்த டப்பாவை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "ஐந்து வருடம் இதை வளர்த்துக் காட்டிவிட்டு வா, நீலத்தைத் தருகிறேன்" என்றார். வந்த லாபத்தைக் கையால் தள்ளி வைத்த வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டிலிருந்த நீலச் சிலந்தியையும் அவரே பார்த்துக்கொள்ள எடுத்துக்கொண்டார். அதற்குப் பணம் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வளர்ப்பு முறையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெட்டி உயரமாக இருக்கக் கூடாது. தரை இனம் உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும். அடியில் தென்னை நார்த்தூள் கனமாகப் பரப்ப வேண்டும். நம் பொள்ளாச்சிப் பக்கத்தில் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறார்களே, அதே சரக்கு! ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, ஒரு சின்னத் தண்ணீர்க் கிண்ணம் போதும். சூடேற்றும் விளக்கு தேவையில்லை. வளர்ந்ததற்கு வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு முறை சுவர்க்கோழிப் பூச்சி போதும். சட்டை உரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்துத் தொடவே கூடாது. மிச்ச இரையையும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெத்தென்றிருக்கும் சிலந்தியைப் பூச்சி கடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு சாதுவானாலும் கையில் எடுத்து விளையாட வேண்டாம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்.

என் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம்

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சிலந்தி அல்ல. 1996 ஐப்பசியில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

கிராமத்தில் புதிதாகக் கடை போட்ட ஓர் இளைஞர் என் மண்டிக்கு வந்தார். ஐந்து மூட்டை வற்றல் கேட்டார். என்னிடம் அப்போது இருப்பு அதிகம். வற்றலின் ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள் இருந்தால்தான் தாங்கும். அந்தச் சரக்கில் ஈரம் இருப்பது என் கைக்குத் தெரியும். நிறம் மட்டும் நல்ல சிவப்பு, பளபளவென்று இருந்தது. "தம்பி, விலை ஏறப் போகிறது, பதினைந்தாகப் போட்டுக்கொள்ளுங்கள், பணம் மெதுவாகத் தாருங்கள்" என்று ஏற்றிவிட்டேன். அவர் கடைக்குத் தகரக் கூரை, மண் தரை என்று எனக்குத் தெரியும். அடைமழை பிடித்தது. சரக்கு பூசணம் பூத்துவிட்டது. என் வசூல் ஆள் வாரம் தவறாமல் போனார். அந்தத் தம்பி கடைசி ரூபாய் வரை கொடுத்துத் தீர்த்துவிட்டு, அந்தத் தை மாதமே கடையை மூடிவிட்டார். வீட்டம்மாவின் நகை போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். என் பேரேட்டில் கணக்கு நேர். அடித்தல் திருத்தல் இல்லை. அதன் பிறகு அவர் என் மண்டிப் பக்கம் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

நீலச் சிலந்தியை விற்ற கடைக்காரர் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இரவோடு போய்விட்டது. அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். வாங்குகிறவருக்குத் தாங்குமா என்று பார்க்காமல், நமக்குத் தள்ள வேண்டியதைத் தள்ளினோம். எனக்கு ஒரு படி அதிகம். அவர் கேட்ட சரக்கைத்தான் கொடுத்தார். நான் கேட்காததையும் சேர்த்து ஏற்றினேன்.

"நாம் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வான், நமக்கேன் இந்தப் பொல்லாப்பு?" என்று சிலர் கேட்பார்கள். வாங்கிக்கொள்ளட்டும். சந்தைப் பெரியவரிடம் இன்றும் என் மாப்பிள்ளைதான் இரைப்பூச்சி வாங்குகிறார், நாலு பேரை அனுப்பியும் வைத்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் லாபம் வரும் என்று ஆசை காட்டி இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். சில சமயம் வரும், சில சமயம் வராது. பருப்பானாலும் பம்பு செட்டானாலும், வாங்குகிறவர் யார், எங்கே வைப்பார், எத்தனை நாளில் விற்பார் என்று இரண்டு கேள்வி கேட்பது நம் தொழிலின் ஒரு பகுதி. எடைக்கல்லில் முத்திரை வைப்பதுபோல இதுவும் ஒரு முத்திரை.

நம் ஊரில் வேண்டாம்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களிலும் வளர்ப்பு மீன், பறவைக் கடைகள் பெருகிவிட்டன. அவர்களில் பலர் நம் சங்க உறுப்பினர்கள். "அண்ணாச்சியே எழுதிவிட்டார், சிலந்தி வியாபாரம் தொடங்கலாம்" என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.

2020 ஜூலையில் சென்னை விமானச் சுங்கத்தார், போலந்து நாட்டிலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த அஞ்சல் பார்சலைப் பிரித்தார்கள். 107 சிறு குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன! இறக்குமதி உரிமம் இல்லை, சுகாதாரச் சான்று இல்லை. வந்த வழியே திருப்பி அனுப்ப உத்தரவாயிற்று. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. பில் இல்லாத சிலந்தி, பில் இல்லாத பருப்பைப் போல அபராதத்தோடு போகிற விஷயம் அல்ல.

நம் மண்ணின் சிலந்திகளையும் தொட வேண்டாம். எங்களுக்கு விற்ற அந்த நீலச் சிலந்தி எந்த ஊர்க்காரர் தெரியுமா? வற்றல் கொள்முதலுக்கு ஆந்திரா போகிறவர்களுக்குக் குண்டக்கல் பக்கத்தில் கூட்டி என்ற ரயில்வே ஊர் தெரிந்திருக்கும். 1899-இல் அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்துத்தான் உலகம் அதை அறிந்தது. அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001-இல்தான் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மறுபடி கண்டார்கள். அழியும் விளிம்பில் உள்ளது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்திருக்கிறது. ராமேசுவரத்திலும் அதன் உறவினம் ஒன்று அதே நிலையில் இருக்கிறது. இந்த இனக் குடும்பம் முழுவதும் 2019-இல் சைட்டிஸ் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விறகு வெட்டுகிறவரிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்து இதைப் பிடித்து வரச் சொல்கிற வியாபாரம் எந்தக் காலத்திலும் நமக்கு வேண்டாம்.

போன வாரம் பேரன் தொலைபேசியில் பேசினான். பழுப்புச் சிலந்தி மறுபடி சட்டை உரித்ததாம். இரவு முழுவதும் தொடாமல் உட்கார்ந்து பார்த்தானாம். "நீலம் எப்போது வாங்கப் போகிறாய்?" என்று கேட்டேன். "இப்போது வேண்டாம் தாத்தா, இது நன்றாக இருக்கிறது" என்றான்.

1996-இல் கடையை மூடிய அந்தத் தம்பியின் ஊர் எனக்கு நினைவிருக்கிறது. ஊர் திரும்பியதும் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அவர் மகன் இப்போது அதே இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறார். நான் யாரென்று சொல்லி, அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அப்பா காலமாகி நான்கு வருடம் ஆயிற்று என்றார்.

நண்பர்களே, காலம் தாழ்த்தாதீர்கள். நாளைக் காலை கடை திறந்ததும் வருகிற முதல் வாடிக்கையாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "இது உங்களுக்குத் தாங்குமா?"